போடிமெட்டு ஏறிய ஜீப்பும், ஜீப்பில் இல்லாத ஃபில்டரும்



போன மாதம் மருமகனின் வண்டியில் குடும்பத்தோடு மூணாறு கிளம்பினோம். பழைய ஆட்டோமேடிக் வண்டி. முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதிகூட ஏறவில்லை. ஒரு வளைவில் திரும்பும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. மெல்லப் பின்னால் உருளவும் ஆரம்பித்தது. மருமகன் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். பேத்தி என் மடியில். இறங்கி டயருக்குக் கல் வைத்தபோது கை நடுங்கியது. பின்னால் வந்த ஏலத்தோட்டத்து ஜீப்காரர்கள்தான் உதவினார்கள்.

இரண்டு வாரம் முன்புதான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தார்கள். போடியில் மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது இந்த கியர்பாக்ஸ் ஃபில்டரே இல்லை. கழுத்து குட்டையா இருக்கு" என்றார்.

"இத்தனை வருஷம் இந்த மலையில ஜீப் ஓடுது. ஒருத்தரும் கியர்பாக்ஸுக்கு ஃபில்டர் மாத்தி நான் பார்த்ததில்லையேப்பா?"

"அதுல ஃபில்டரே கிடையாது சார்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

வில்லிஸ் ஜீப் 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், 1947 முதல் அதை நம் நாட்டில் பூட்டி விற்றது. அந்த வழிவந்த ஜீப்புகள்தான், தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறின. அவற்றின் கியர்பாக்ஸ் எளிமையானது. பல்சக்கரங்கள் ஆயிலில் பாதி முங்கிச் சுழலும். சுழலும்போதே ஆயிலை வாரி இறைக்கும். அந்த ஆயிலுக்கு வழுவழுப்பு தருவதுதான் முக்கிய வேலை. உதிரும் இரும்புத்தூள் அடியில் தங்கும். ஆயிலை வடித்து மாற்றினால் போதும்.

ஜீப்புக்கு முன்பே, 1939இல், ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேடிக்' என்ற தானியங்கி கியர்பாக்ஸை அறிமுகம் செய்துவிட்டது. 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. போரில் எம்5 என்ற இலகு டாங்கியையும் ஓட்டியது. இதில் ஆயிலின் வேலையே வேறு. ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி, மெல்லிய வழிகளில் அழுத்தத்தோடு அனுப்பும். அந்த அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடித்து கியரை மாற்றும். தட்டுகள் தேய்ந்த தூள் அந்த வழிகளை அடைத்தால் கியர் விழாது. இந்த வகைப் பெட்டிகளுக்கு ஃபில்டர் தேவைப்பட்டது இதனால்தான்.

எங்கள் வண்டிக்கு நடந்தது என்ன? ஃபில்டரின் கழுத்து குட்டை என்பதால், அதன் வாய் ஆயிலுக்குள் போதுமான ஆழத்தில் இல்லை. சமதளத்தில் தெரியவில்லை. ஏற்றத்தில், வளைவில், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சிவிட்டது. அழுத்தம் இல்லை, தட்டுகள் வழுக்கின. மலைச்சாலை அந்தத் தவறைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், வண்டியின் பெயரைச் சொல்லி ஃபில்டர் கேட்பதில். ஸ்கார்பியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த ஆட்டோமேடிக்கில் ஆஸ்திரேலியாவின் டி.எஸ்.ஐ. கியர்பாக்ஸ். 2015இல் வந்ததில் பிரான்சின் பஞ்ச் பவர்கிளைட். 2022இன் ஸ்கார்பியோ-என்னில் ஜப்பானின் ஐசின். மூன்றுமே ஆறு கியர். மூன்றும் வெவ்வேறு பெட்டி. ஒரே வகுப்பில் மூன்று முருகன் இருந்தால் நாங்கள் இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கியர்பாக்ஸுக்கு இனிஷியல் அதன் குறியீட்டு எண்.

2014இல் செலேரியோவோடு பரவிய ஏ.எம்.டி. வண்டிகள் இன்னொரு குழப்பம். கிளட்ச் பெடல் இல்லாததால் ஆட்டோமேடிக் என்கிறோம். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. அதில் இந்த வகை ஃபில்டர் கிடையாது. சி.வி.டி. வண்டிகள் சிலவற்றிலோ இரண்டு ஃபில்டர் இருக்கும். அதற்கென்று தனி ஆயிலும் உண்டு.

மாணவர் எனக்குச் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன்.

முதலில், சேசிஸ் நம்பரைக் கொடுத்து கியர்பாக்ஸ் எண்ணையும் ஃபில்டரின் பார்ட் நம்பரையும் உறுதி செய்யுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் புதியதன் பக்கத்தில் வைத்து, கழுத்து உயரம், வாயின் அளவு, ரப்பர் வளையம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதை அமுக்கினாலும் காற்று புகும். கம்பி வலை ஃபில்டரைச் சிலவற்றில் கழுவி மாட்டலாம். காகிதம், பஞ்சு வகையை மாற்றத்தான் வேண்டும். சில ஜெர்மன் பெட்டிகளில் அடித்தட்டோடு ஃபில்டர் சேர்ந்தே வரும். தட்டையே மாற்ற வேண்டும்.

"ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால், கியர்பாக்ஸ் செய்யும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது என்று சொல்லுங்கள். மலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே பார்ப்பது நல்லது.

சரியான ஃபில்டர் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மெட்டு ஏறினோம். அதே வளைவில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இன்னைக்குக் கல்லு வைக்கலையா?"

வேண்டியிருக்கவில்லை.