வணிகவியல் சங்கம் எதற்கு? சிவபோகத்தின் கதை

குன்னம் பக்கம் பி.காம். படிக்கும் பல மாணவிகளுக்குச் சொந்தத்தில் ஆடிட்டர் யாரும் இருக்க மாட்டார்கள். வழி கேட்கக் கல்லூரியின் வணிகவியல் சங்கம்தான் உண்டு.

இத்தகைய சங்கங்களின் வரலாறு பழையது. 1904-ல் நியூயார்க் பல்கலைக்கழக வணிகப் பள்ளி மாணவர்கள் பத்துப் பேர் 'ஆல்ஃபா கப்பா சை' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1976-ல் தான்!

சென்னையிலோ ஆர். சிவபோகம் 1933-லேயே தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். ஆனால் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்பதால் அவர் கணக்காளராகப் பதிவு செய்ய விதி தடுத்தது. வழக்குப் போட்டு வென்றார். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ல் உருவானது. அதன் தென்மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை அவரே தலைவர். இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் சிறந்த மாணவிக்கு 1956-ல் ஒரு பரிசும் ஏற்படுத்தினார்.

தான் நுழைந்த கதவை அடுத்தவருக்கும் திறந்து வைத்தார். ஒரு சங்கம் செய்ய வேண்டியதும் அதுதான். ஆண்டு விழாவும் பேனரும் அப்புறம். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு யாரைப் பார்ப்பது என்று ஒரு மாணவிக்குச் சொன்னால், அந்தச் சங்கம் உருப்படியானது.