ஒற்றியூர் தந்த புல்லட்டும் அதன் பழைய வண்ணங்களும்

தலைநகரில் நாம் வாழும் காலனிகளில், மாடிப்படியின் கீழோ கொல்லைப்புறத்திலோ கித்தான் போர்த்து நிற்கும் பழைய என்பீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிள்களை அன்பர்கள் பலர் கண்டிருக்கக் கூடும். தந்தையோ பாட்டனாரோ ஏறிச் சென்ற அவ்வண்டியை வீட்டிலேயே பிரித்துச் செப்பனிட்டு, புது வண்ணம் பூசி ஓட்ட வேண்டும் என்னும் ஆர்வம் இன்றைய இளைஞரிடையே மிகுந்துள்ளது. வரவேற்கத்தக்க ஆர்வமே. ஆயினும் உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். அவ்வரலாற்றில் ஒரு பகுதி எந்நூலிலும் இல்லை. வண்டியின் மேற்பூச்சில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்றோர் ஊர் உண்டு. ஊசி செய்வதில் உலகப் புகழ் பெற்றது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஊசித் தொழிலகமாகப் பிறந்த நிறுவனம் ஒன்று, பின்னர் மிதிவண்டிக்குத் திரும்பி, என்பீல்ட் நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததனால் ராயல் என்பீல்ட் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. 1901-ல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. புல்லட் என்னும் பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. நாம் இன்று அறிந்திருக்கும் வடிவம், அதாவது பின்சக்கரத்துக்கும் வில்லமைப்புக் கொண்ட 350 சி.சி. வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1940களின் இறுதியில் தோன்றியது. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். உந்துதண்டின் வீச்சு 90 மில்லிமீட்டர். விட்டத்தினும் வீச்சு நீண்டிருப்பதனாலேயே அது மெதுவாகத் துடித்துச் சுமையை எளிதில் இழுக்கிறது. நெடும்பயணத்துக்கு ஏற்றதாகவும் விளங்குகிறது.

விடுதலைக்குப்பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய நம் இராணுவம், 1950களின் முற்பகுதியில் இதனைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை வண்டிகளையும் கப்பலில் தருவித்துக் கொண்டேயிருப்பது இயலாததாகவே, சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி 1955-ல் என்பீல்ட் இந்தியாவை நிறுவின. ஆலை எழுந்த இடம் திருவொற்றியூர். முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டுவதே வேலையாயிருந்தது. 1962-க்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே உருவாயின. ஒற்றியூர் என்றதும் நமக்குத் தியாகேசரும் பட்டினத்தடிகளின் சமாதியும் நினைவுக்கு வருதல் இயல்பு. காதற்ற ஊசி ஒன்றால் செல்வத்தைத் துறந்தார் எனப்படுபவர் அடங்கிய ஊருக்கு, ஊசி செய்து செல்வம் குவித்த ஊரிலிருந்து ஒரு தொழில் குடியேறியதை எண்ணின் வியப்பாகத்தான் இருக்கிறது!

பிறகு நடந்தது அதனினும் வியப்பு. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. மூலக் கம்பெனி அழிந்த பின்னும் ஒற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய் வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு, மணமாகிச் சென்ற மகள் வீட்டிலிருந்து சீர் வந்ததைப் போல என்க.

இவ்விரு ஊர்களின் சுவடும் வண்டியிலேயே பதிந்துள்ளது. கியரும் உதைகோலும் வலப்புறம், பிரேக்கு இடப்புறம் என்பது ஆங்கிலேய வழக்கம். நட்டுகள் பலவும் பழைய விட்வொர்த் அளவின. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரை வலிந்து பூட்டித் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பழைய அளவு ஸ்பேனர்களைத் தேடி வாங்குதலே செப்பனிடுவோர்க்கு முதற்செலவு. கரோல்பாக் கடைத்தெருவில் அவை கிடைக்கும். முன்னொரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த அப்பேட்டை இன்று புல்லட் பட்டறைகளுக்குப் பேர்பெற்றிருக்கிறது.

2014 முதல் தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளின்மேல் எழுந்த ஆணைகள் பலரை அச்சுறுத்தின. நல்ல வண்டிகளும் இரும்புக் கடைக்குப் போயின. 2021-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப்பதிவு ஒன்றை வகுத்தது. அன்றாட ஓட்டத்துக்கன்று; காட்சிக்கும் அணிவகுப்புக்குமே. வண்டி தன் மூல வடிவில் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆதலின் அகலக் கைப்பிடி மாட்டி, சட்டத்தை அறுத்து, கண்ட இடமெல்லாம் குரோமியம் பூசுவோர், அழகென்று எண்ணி அந்த உரிமையையே இழக்க நேரிடும்.

சென்ற குளிர்காலத்தில் நம் காலனி அன்பர் ஒருவரின் 1968ஆம் ஆண்டு வண்டியைப் பிரிக்க நாமும் உடனிருந்தோம். மேலே கறுப்பு, அதன்கீழ் அரக்கு, அதற்கும் கீழே ஒற்றியூர் ஆலையின் பழம்பச்சை. முன்சக்கரத்து மட்கார்டைத் தேய்க்கையில் வெள்ளை எழுத்தில் மெட்ராஸ் மாநிலப் பதிவெண் ஒன்று தலைகாட்டியது. மறைந்த தந்தையார் வண்டியைத் தில்லியில் வாங்கினார் என்றே மகன் எண்ணியிருந்தார். அப்போதுதான் அவருடைய அன்னையார், 1971-ல் மாற்றலாகி வந்தபோது பெட்ரோலை வடித்து, வைக்கோலும் சாக்கும் சுற்றி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் பார்சலாக ஏற்றிய கதையைச் சொன்னார். இரும்பு தெரியும்வரை சுரண்டினால்தான் வண்ணம் நிற்கும் என்று மகன் வாதாடினார். “அது உங்கப்பா கையால எழுதின நம்பர்டா, அதுமேல கை வைக்காதே” என்றார் அன்னையார். இருவர் சொல்லும் பொய்யன்று. முடிவில், அவ்வெண் உள்ள ஒரு சாண் இடத்தை மட்டும் விடுத்து, துருவகற்றி, அதன்மேல் நிறமற்ற மெருகு பூசினோம். எஞ்சிய பகுதிக்குப் பழம்பச்சையே மீண்டும் ஏறியது.

வீட்டில் வண்ணம் பூச முனைவோர்க்குச் சில சொற்கள். ஒவ்வோர் அடுக்கையும் சுரண்டுமுன் படமெடுத்து வைத்தல் நலம். சட்டத்தின் கழுத்திலும் இன்ஜினிலும் பொறித்த எண்களின்மேல் பட்டி பார்த்தலோ அரம் போடுதலோ கூடாது. பதிவுப் புத்தகத்தோடு அவை ஒத்திராவிடில் பெருந்தொல்லை விளையும். பெட்ரோல் டாங்கு காலியாயினும் உள்ளே ஆவி நிற்கும். அருகில் நெருப்பு ஆகாது. கடினமூட்டி கலந்து தெளிக்கும் வண்ணங்கள் நுரையீரலுக்குத் தீங்கானவை. அவற்றைப் பயின்ற பெயின்டரிடம் விடுவதே தக்கது. தில்லியில் மே, ஜூன் மாதத்துப் புழுதிக்காற்றும் ஜனவரிப் பனியும் மெருகைக் கெடுக்கும்; பிப்ரவரி இறுதியே ஏற்ற பருவம்.

டாங்கின் பொற்கோடுகளுக்கு ஒட்டுத்தாள் விற்கிறார்கள். ஆலையில் அவை கையால் இழுக்கப்பட்டவை. நீண்ட மயிருடைய தூரிகையில் வண்ணத்தைத் தோய்த்து, சுண்டுவிரலை டாங்கின் விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கி ஒரே வீச்சில் இழுத்தல் வேண்டும். நம் அன்பருக்குப் பழைய தகரத்தில் ஒரு வாரம் பழகிய பின்னரே கோடு நேராக வந்தது. வலப்பக்கக் கோடு இடப்பக்கத்தினும் சற்றே தடித்திருக்கிறது. அழித்தெழுத அவர் இசையவில்லை.