பிடில் மேதை டி. என். கிருஷ்ணன்

பிழைப்பு நம்மை வடக்கே கொணர்ந்தது என்று கிட்வாய் நகர்வாழ் தமிழர்களாகிய நாம் அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு. நம்மைப் போலவே தெற்கிலிருந்து வந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தின் இசை, நுண்கலைப் பிரிவுக்குத் தலைவராய் விளங்கிய மேதை ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத முற்பட்டோம்.

பிடில் நம் நாட்டுக் கருவியன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) அதனை மேனாட்டு முறையில் பயின்று, நம் இசைக்கு உரியதாக்கியவருள் முன்னோடி. நம்மவர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பர். கருவியைத் தாங்கும் பொறுப்பு இடக்கைக்கு இல்லாமையால், விரல்கள் தந்தியின்மீது தடையின்றி ஊர்ந்து செல்கின்றன. கமகம் பிறப்பது அங்கேதான்.

1928-இல் திருப்பூணித்துறையில் பிறந்த கிருஷ்ணனுக்குத் தந்தையார் நாராயண ஐயரே முதற்குரு. பிள்ளைப் பிராயம் கழியுமுன்னரே, 1942-இல் சென்னைக்கு வந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரின் ஆதரவு கிட்டியது. அரியக்குடி, செம்பை முதலிய பெருமக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். அஃது எளிய பணியன்று. பாடகர் அடுத்து எவ்வழி செல்வார் என்பதை அக்கணமே உணர்ந்து தொடர வேண்டும். தன் திறமை தலைதூக்கவும் கூடாது, பாட்டு தளரவும் கூடாது. நீண்ட வில், இனிய நாதம், அளவறிந்த அடக்கம் ஆகியவையே அவர் வாசிப்பின் சிறப்பு என்பது எம் கருத்து. 1980-இல் சங்கீத கலாநிதி, 1992-இல் பத்மபூஷண் முதலிய விருதுகள் அவரை நாடி வந்தன. 2020 நவம்பரில், தமது 92-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

அவருடைய தங்கை என். ராஜத்தையும் இங்குக் குறிப்பிடாமல் இயலாது. அதே தந்தையிடம் கர்நாடக இசை பயின்ற அவர், பின்னர் பண்டித ஓம்கார்நாத் தாகூரிடம் இந்துஸ்தானி இசை கற்று, காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். நம் குழந்தைகள் இந்துஸ்தானி பயில விரும்பினால், ‘நம் இசை போய்விடுமே’ என்று கலங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். யாமும் ஒருகால் கலங்கியதுண்டு. நாராயண ஐயர் இல்லத்திலோ இரண்டும் வளர்ந்தன. நம் மோகனத்தை வடக்கே பூபாளி என்பர். இந்தோளத்தை மால்கௌன்ஸ் என்பர். அண்ணனும் தங்கையும் ஒரே மேடையில் அருகருகே அமர்ந்து, அவர் தென்னாட்டு முறையிலும் இவர் வடநாட்டு முறையிலும் ஜுகல்பந்தி வாசித்தனர்.