திருப்பெருந்துறை: மாணிக்கவாசகர் கதை நடந்த இடங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில், சுமார் 14 கி.மீ. தொலைவில் ஆவுடையார்கோயில் என்னும் ஊர் இருக்கிறது. சைவ நூல்கள் இதைத் திருப்பெருந்துறை என்று அழைக்கின்றன. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர் மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவாக வீற்றிருந்த சிவனைக் கண்டு ஆட்பட்டது இங்கேதான் என்பது மரபு. தமிழ்நாட்டில் மிகுதியாகச் சொல்லப்பட்ட இடைக்காலக் கதைகளில் இது ஒன்று. இதன் ஆளையும் ஊரையும் காலத்தையும் உறுதிசெய்ய ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

கதையை எல்லோரும் அறிந்த வடிவில் சொன்னவர் பரஞ்சோதி முனிவர். அவருடைய திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களில் 58 முதல் 61 வரையுள்ள நான்கும் இதைப் பற்றியவை. குதிரைப் பணம் கோயில் திருப்பணியில் கரைகிறது. ஆவணி மூலத்தன்று குதிரை வருமென்று அரசனுக்குச் செய்தி போகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மறுபடி நரிகளாகி ஓடுகின்றன. அமைச்சர் தண்டிக்கப்படுகிறார், வையை பெருகுகிறது, வந்தி என்னும் கிழவிக்காகச் சிவன் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்குகிறான். இப்புராணத்துக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற்புராணம் உண்டு. மாணிக்கவாசகர் ஒருவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கடவுள் மாமுனிவர் திருவாதவூரர் புராணம் பாடினார். மூன்றுமே மாணிக்கவாசகருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அரசன் பெயர் அரிமர்த்தனன் என்கிறார் பரஞ்சோதியார். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அறியப்பட்ட பாண்டியர் வரிசையில் அப்படி ஒருவன் இல்லை. அமைச்சருக்குப் புராணம் தரும் தென்னவன் பிரமராயன் என்ற பட்டம் மட்டும் வரலாற்று வாசனை உள்ளது. பிரமராயன் என்று முடியும் பட்டங்களை அக்கால அந்தண அதிகாரிகள் பெற்றிருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமன், மும்முடிச்சோழ பிரமராயன் எனப்பட்டதை நினைவுகொள்ளலாம்.

ஆகவே இடத்தைத் தேடுகிறவர் புராணங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் மாணிக்கவாசகரே பாடிய திருவாசகத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. அதில் பெருந்துறை என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அருட்பத்தின் பத்துப் பாட்டுகளிலும் அவ்வூரும் குருந்த மரமும் சேர்ந்தே வருகின்றன. குருந்து, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம். கிழக்குக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காடுகளுக்கு உரியது. இப்பகுதியில் அது வளர்வதில் வியப்பில்லை. ஊர், மரம், குரு என்ற மூன்றையும் கவி தன் சொந்த அனுபவமாகத் தன்மையில் சொல்கிறார். இதைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை.

குதிரையின் கதை வேறு. திருவாசகத்தின் கீர்த்தித் திருவகவலிலும் ஆனந்தமாலையிலும் நரி பரியானதும், பாண்டியனுக்குக் குதிரை விற்றதும் வருகின்றன. ஆனால் அவை சிவனுடைய பல திருவிளையாடல்களுள் சிலவாக, ஊரறிந்த செய்தி போலச் சொல்லப்படுகின்றன. தாம் அமைச்சராக இருந்ததாகவோ, அந்தக் குதிரைகள் தம்மைக் காக்கவே வந்ததாகவோ கவி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஏழாம் நூற்றாண்டினரான அப்பரும் நரியைக் குதிரை செய்த சிவனைத் தம் தேவாரத்தில் குறிக்கிறார். மாணிக்கவாசகர் அப்பருக்கு முந்தியவர் என்று வாதிட்டவர்களுக்கு இதுவே பெரிய ஆயுதம். மறைமலையடிகள் 1930இல் வெளியிட்ட 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூலில் அவரை மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார்.

எதிர்த்தரப்பின் சான்றுகள் இவற்றைவிட வலுவானவை. மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரின் இரண்டு பாட்டுகளில் வரகுணன் என்னும் பாண்டியன் தில்லைக் கூத்தனை வணங்குபவனாக வருகிறான். அப்பெயருடைய அரசர் இருவரும் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடைப்பட்டவர்கள். இரண்டாம் வரகுணனின் காலம் கல்லிலேயே உறுதியாகிறது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைச் சமணக் கல்வெட்டு அவனது 8ஆம் ஆட்சியாண்டைச் சக ஆண்டு 792 என்கிறது. அது கி.பி. 870, அப்படியானால் அவன் பட்டமேறியது 862. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் மாணிக்கவாசகரைச் சேர்க்காததும், அவருக்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி திருவாதவூரரான மாணிக்கவாசகரைப் பெயர் சொல்லிப் பாடியதும் இதனோடு ஒத்துப்போகின்றன. இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஒன்பதாம் நூற்றாண்டை ஏற்கிறார்கள். அப்படியானால் அப்பர் குறித்த நரிக் கதைக்கு என்ன விடை? கதை மாணிக்கவாசகருக்கும் முந்தியது. மதுரையில் வழங்கிய பழைய கதை ஒன்று பின்னாளில் பெருந்துறைக் கவியின் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது என்பதே எளிய விடை. அவரே தம் பாட்டில் மதுரையையும் பெருந்துறையையும் குதிரையையும் ஓரிடத்தில் நிறுத்தியது ஒட்டுவதற்கு வசதியாகிவிட்டது.

திருவாசகத்துப் பெருந்துறை ஆவுடையார்கோயில்தானா? தேவாரப் பாடல் பெற்ற பேணுபெருந்துறை கும்பகோணம் பக்கத்தது. இன்று திருப்பந்துறை எனப்படும் அது இக்கதையோடு தொடர்பற்றது. ஈரோடு மாவட்டப் பெருந்துறையையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆவுடையார்கோயிலுக்குச் சாதகமாகப் பேசுவது கீர்த்தித் திருவகவலின் ஊர்ப்பட்டியல். அதில் வரும் உத்தரகோசமங்கையும் ஓரியூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளன. பட்டமங்கை என்பது சிவகங்கை மாவட்டத்துப் பட்டமங்கலம். பூவணம் வையைக் கரையில் இருக்கிறது. இவற்றை வரைபடத்தில் குறித்தால், சோழ பாண்டிய எல்லையென மரபு சொல்லும் தென்வெள்ளாற்றுக்குத் தெற்கே, வையையை ஒட்டிய பகுதி வரை ஒரு கூட்டமாக விழுகின்றன. ஆவுடையார்கோயில் அதன் வடகிழக்கு ஓரம். 1693இல் கிறித்தவத் துறவி அருளானந்தர் கொல்லப்பட்ட இடமாகவே இன்று பலரும் அறிந்திருக்கும் ஓரியூர், அதற்கு எட்டாத தூரத்தில் இல்லை. மாணிக்கவாசகர் பிறந்த ஊரைப் பற்றித் தகராறு கிடையாது. அது மேலூர் வட்டத்துத் திருவாதவூர். அங்குள்ள ஓவாமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. கவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது மக்கள் வாழ்ந்த ஊர்.

துறைமுகக் கேள்வி அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. குதிரை வந்திறங்கிய துறை என்றால் ஊர் கடற்கரையில் இருக்க வேண்டும். ஆவுடையார்கோயிலிலிருந்து கடலைப் பார்க்க மீமிசல் வரை போக வேண்டும். அமைச்சர் கடற்கரைக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார் என்று கொண்டால் சிக்கல் இல்லை. இக்கரை வணிகத்துக்குப் பேர்போனதுதான். சற்றுத் தெற்கே தொண்டி. அதனருகே தீர்த்தாண்டதானத்துக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்கள் கூடி முடிவெடுக்கின்றன. ஆனால் கீர்த்தித் திருவகவலோ, இறைவன் குதிரைகளோடு சாத்தாக வந்ததைக் குடநாட்டோடு இணைக்கிறது. குடநாடு சேரநாட்டுப் பகுதி. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் குதிரைச்செட்டிகள் மலைமண்டலத்தவராகவே தென்படுகிறார்கள். எனவே கதைக்குக் கீழைக் கடல் துறைமுகம் கட்டாயம் என்று எண்ணத் தேவையில்லை.

குதிரைக்குப் பாண்டியர் கொட்டிய பணம் மட்டும் மிகையல்ல. திருவாசகத்துக்கு நான்கு நூற்றாண்டு கழித்துப் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பகுதி சாவதையும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். வாங்கிய குதிரை மறு ஆண்டு இருக்காது என்பது அரண்மனைக் கணக்கருக்குத் தெரிந்த செய்தி. ஓரிரவில் நரியாய் ஓடிய குதிரைகளின் கதையில் இந்த நட்டத்தின் நிழலும் விழுந்திருக்கலாம்.

இனி கோயில். இன்று நிற்கும் மண்டபங்கள் விசயநகர, நாயக்கர் காலப் பாணியில் அமைந்தவை. கருவறையில் இறைவன் ஆத்மநாதருக்கு ஆவுடையார் என்னும் பீடம் மட்டும், லிங்கப் பாணம் இல்லை. இறைவி யோகாம்பாளுக்குத் திருவடிகள் மட்டும். அவற்றையும் சாளரத் துளை வழியாகத்தான் காண முடியும். நந்தியும் கொடிமரமும் கிடையாது. சன்னதி தெற்குப் பார்த்தது. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுகிறார்கள். எழும் ஆவியே நிவேதனம். கூடவே கீரையும் பாகற்காயும். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் வீதியுலா வரும் உற்சவமூர்த்தி மாணிக்கவாசகர்தான். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் போலக் கல்லில் இழைத்த கொடுங்கை, தமிழ்நாட்டுச் சிற்பிகளிடையே பழமொழியாகிவிட்டது. தூண்களில் குதிரைகள் பாய்கின்றன. இத்தனையும் கதையைத் தெரிந்துகொண்டவர்கள் கட்டியவை. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே என்ன நடந்தது என்பதற்கு இந்தக் கல் சாட்சி சொல்லாது. கதை ஓர் ஊரை எப்படி உருவாக்கியது என்பதற்கே சாட்சி சொல்லும். வழிகாட்டிகள் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

கதைக்கு இடம் காட்டுவது இவ்வூருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 1191இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் ஆர்தர் மன்னனின் கல்லறையைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள். மடம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தீயில் அழிந்து, மறுபடி கட்டப் பணம் தேடிக்கொண்டிருந்தது. மதுரையிலும் வந்தியின் இடம் என்று புட்டுத்தோப்பைக் காட்டுகிறார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் எழுந்தருள, அங்கே மண் சுமந்த லீலை நடக்கிறது. பெருந்துறையில் கதை 19ஆம் நூற்றாண்டிலும் வளர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1870களில் திருப்பெருந்துறைப் புராணம் பாடினார். மாணவராக உடன் சென்ற உ.வே. சாமிநாதையர் அந்நாட்களை 'என் சரித்திர'த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். கோயில் இன்றும் திருவாவடுதுறை ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளது.

ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆவுடையார்கோயில் பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருக்கவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் அறந்தாங்கிப் பகுதியோடு சேர்ந்து இதனுள் வந்தது. 1929இல் வெளியான புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதியிலோ அதன்பின் வந்த சமஸ்தான வரலாற்று நூல்களிலோ இக்கோயிலைத் தேடுவது வீண்வேலை. தஞ்சாவூர் மாவட்டப் பழைய ஆவணங்களையே புரட்ட வேண்டும்.