புல்லட்டில் ஒரு பாட்டுப்பெட்டி

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் என் பழைய புல்லட்டை நிறுத்தி, சாந்தினி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் நீட்டினேன். மனுஷர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஹோபே நா, தாதா" என்றார். நடக்காது என்று அர்த்தம். (தாதா என்றால் இங்கே அண்ணன். வந்த புதிதில் எல்லோரும் என்னை ஏன் தாதா என்கிறார்கள் என்று மிரண்டது தனிக்கதை.)

நான் கேட்டால்தானே? பூஜை லீவில் பாலசோர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா வழியாகச் சென்னைக்கு 1600 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டிப் போவதாகத் திட்டம். ராஜா பாட்டு இல்லாமல் அவ்வளவு தூரமா? வற்புறுத்தி மாட்டிக்கொண்டு வந்தேன். நாலே நாளில் பேட்டரி படுத்துவிட்டது. அந்தக் கடுப்பில், ஓடுகிற வண்டியில் பாட்டுக் கேட்கும் ஆசை எங்கே ஆரம்பித்தது என்று கிளறப் போய் வந்ததுதான் இந்தப் பதிவு.

கதை காரில் தொடங்குகிறது. 1930ல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்குப் போனார். வாசலில் வண்டியை நிறுத்திப் பாட வைத்து ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா. மோட்டாரோடு, அந்தக் காலத்து இசைப்பெட்டிகளின் பெயர்களில் வரும் 'ஓலா'வை ஒட்டவைத்தார். (டாக்சி ஓலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

காரிலேயே அது சுலபமாக இல்லை. வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும், கார் பேட்டரி கொடுப்பதோ 6 வோல்ட். அதனால் காலடியில் தனி பேட்டரிகள் வைத்தார்கள். ஸ்பார்க் பிளக் வேறு தீப்பொறி விடும்போதெல்லாம் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் கிளப்பியது. இதை மோட்டார் சைக்கிளில் யோசித்துப் பாருங்கள். பேட்டரி வைக்க இடமில்லை, ஸ்பார்க் பிளக் முழங்காலுக்குப் பக்கத்தில், கண்ணாடி வால்வோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கும். ஆக, இரண்டு சக்கர வண்டிக்குப் பாட்டு வர டிரான்சிஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெல் ஆய்வகத்தில் 1947ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954ல் ரீஜென்சி கம்பெனியின் பாக்கெட் ரேடியோ கடைக்கு வந்தது.

நம்மூரில் அந்தப் புரட்சி தோல் உறைக்குள் வந்தது. திருச்சியில் எங்கள் பெரியப்பா 6 வோல்ட் ஜாவா வைத்திருந்தார். ஹேண்டில்பாரில் தோல்வாரோடு டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டு இலங்கை வானொலியைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். வண்டி ஓடும்போது ஜாவா சத்தம் மட்டும்தான் கேட்கும். பாட்டு நன்றாக இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுவார். ஸ்ரீரங்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு :-) வண்டிக்கு ஒரு பதிவு, ஓட்ட ஒரு லைசென்ஸ், இது போதாதென்று ரேடியோவுக்கும் போஸ்ட் ஆபீஸில் வருடாவருடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

நெடுந்தூரப் பயண வண்டியில் ஸ்டீரியோ என்பது அமெரிக்கச் சமாசாரம். அதைத் தொடங்கியது வண்டிக் கம்பெனிகள் இல்லை, வண்டி வைத்திருந்தவர்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இல்லினாய் மாநிலத்து ரான்டூலில் கிரெய்க் வெட்டர் என்பவர் 1970களில் விண்ட்ஜாமர் என்ற பெரிய காற்றுத்தடுப்பு முகப்பைச் செய்து விற்றார். எந்த வண்டிக்கும் மாட்டலாம். காற்று நெஞ்சில் அறையாது. முகப்புக்குள் பை மாதிரி இடம் வேறு இருந்தது. இடத்தைப் பார்த்தால் மனுஷன் சும்மா இருப்பானா? கார் ஸ்டீரியோவை உள்ளே செருகினார்கள். ஹோண்டாவின் கோல்ட் விங் 1975ல் விற்பனைக்கு வந்தபோது மொட்டையாகத்தான் வந்தது. வாங்கியவர்கள் வெட்டர் முகப்பும் பெட்டிகளும் மாட்டுவதைப் பார்த்து, 1980ல் ஹோண்டாவே முகப்போடு இன்டர்ஸ்டேட் என்ற மாடலை விட்டது, தனிக்காசுக்கு ஸ்டீரியோவும் உண்டு. 1985ல் வந்த லிமிடெட் எடிஷனில் நாலு ஸ்பீக்கர்!

சரி, நம்ம புல்லட்டுக்கு வருவோம். கோல்ட் விங்கின் 1800 சிசி மாடலில் ஆல்டர்னேட்டர் ஆயிரம் வாட்டுக்கு மேல் கொடுக்கும். திருவொற்றியூரில் பிறந்த என் வண்டிக்கு ஹெட்லைட் எரிப்பதே பெரிய செலவு, அது மட்டும் 55 வாட். ஆம்ப்ளிஃபயர் 40 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல். (பெட்டியில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது. அது விற்கிறவரின் ஆசை.) ஹைவேயில் ஓடிக்கொண்டே இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். லேக் கார்டன்ஸிலிருந்து செக்டர் ஃபைவ் ஆபீஸுக்குப் போகும் வழியில் பாதி நேரம் சிக்னல். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது சொற்பம், பாக்கியைப் பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். மெக்கானிக் தாதா ஒரே வார்த்தையில் சொன்னது இதைத்தான்.

கரெண்டை விட மோசமான எதிரி காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே நூறு டெசிபலை நெருங்கும். முகப்பில்லாத வண்டியில் அதைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வால்யூமை முழுக்கத் திருக வேண்டும். ஓட்டுகிற எனக்குச் சரணம் பாதிதான் கேட்கும், வண்டி நின்றதும் சிக்னலில் இருக்கும் நூறு பேருக்கும் முழுசாகக் கேட்கும். கோல்ட் விங்கில் வேகம் குறைந்தால் தானாக ஒலியும் குறையும். என்னுடையதில் அது என் கட்டைவிரலின் வேலை. ஒருநாள் மறந்துபோய் ராத்திரி பத்தரைக்கு அப்படியே தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். மறுநாள் கீழ்வீட்டு மாஷிமா படியில் நிறுத்தி, "பாபா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்கணும்னு நீ முடிவு பண்ணக் கூடாது" என்றார்.

அதைச் சட்டமாகவே சொன்ன ஊர் இது. 1996ல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி, ஒலிபெருக்கி வழக்கு ஒன்றில், பேசும் உரிமை என்பது அடுத்தவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை ஆகாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். நாடு முழுமைக்குமான ஒலி மாசு விதிகள் 2000ல்தான் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. என் ஸ்பீக்கர் அந்தக் கணக்கிலெல்லாம் அடங்காது.

கழற்றிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் ஒட்டும் ப்ளூடூத் கருவி வாங்கியிருக்கிறேன். ஹாரன் காதில் விழவேண்டும் என்பதால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மெதுவாக. சென்னை போய் வந்தாயிற்று, பயணக்கதை அடுத்த பதிவில்.

கழற்றிய ஸ்பீக்கர்களை அடாப்டர் போட்டு மாஷிமா வீட்டு ரேடியோவோடு இணைத்துக் கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் வந்த மஹாலயா அன்று, விடிகாலை நாலு மணிக்கு, 1931லிருந்து இந்த ஊர் கேட்டுவரும் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் மஹிஷாசுரமர்த்தினி அதில்தான் ஒலித்தது. எதிர்வீட்டிலும் அதே, பக்கத்து வீட்டிலும் அதே. 1976ல் வானொலிக்காரர்கள் அவரை மாற்றி நடிகர் உத்தம் குமாரைப் போட்டு, ஊரே கொதித்துப்போய்த் திரும்ப அவரையே கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டே மாஷிமா டீ கொடுத்தார். 45 டெசிபலா என்று நான் கேட்கவில்லை.