அரைக்காய் விழாது! (நரம்புச் சந்தியில் எண்ணிக்கை பிறந்த வரலாறு)



ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர் கூடையில் ஒரு காய் விழும், ரெண்டு காய் விழும், அரைக்காய் விழாது. நம் உடம்பில் நரம்புகள் செய்தி சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான். இதை எண்ணிப் பார்த்த வரலாறு நம்ம போடி மலைச்சரிவுக்கும் சம்பந்தப்பட்டது.

1921-ல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்திலிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்பது நிரூபணமாயிற்று. அதுதான் அசிட்டைல்கோலின்.

சரி, எவ்வளவு சுரக்கிறது? 1952-ல் லண்டனில் பால் ஃபேட்டும் பெர்னார்ட் காட்ஸும் தவளைத் தசையில் மெல்லிய கண்ணாடி மின்முனையைச் செருகினார்கள். நரம்பு சும்மா இருக்கும்போதே அரை மில்லிவோல்ட் அளவில் சின்னச் சின்ன அசைவுகள் வந்தன. 1954-ல் காட்ஸும் டெல் காஸ்டில்லோவும் கால்சியத்தைக் குறைத்து, மெக்னீசியத்தைக் கூட்டி நரம்பைத் தூண்டினார்கள். பதில் சில தடவை பூஜ்யம், சில தடவை ஒரு மடங்கு, சில தடவை இரு மடங்கு. ஆக, ரசாயனம் பொட்டலம் பொட்டலமாகத்தான் வருகிறது! 1970-ல் காட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தசையில் உள்ள சந்தி பெரியது. மூளையில் உள்ளதோ ஒரு மைக்ரான் அளவுதான். ஒரே நரம்பணுவில் அப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. மின்முனை வைத்தால் எந்தச் சந்தி பேசியது என்று தெரியாது. 1992-ல் பெட்ஸ், பெவிக் இருவரும் ஒளிரும் சாயம் ஒன்றைப் பயன்படுத்தி வழி காட்டினார்கள். பொட்டலத்தின் உறையில் சாயம் ஏறும். பொட்டலம் திறந்தால் வெளியேறும். ஒளி குறைவதை அளந்தால் போதும். 1997-ல் அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் மூர்த்தி, செஜ்னோவ்ஸ்கி, ஸ்டீவன்ஸ் மூவரும் இம்முறையில் தனித்தனிச் சந்திகளை அளந்தார்கள். பொட்டலம் வெளிவரும் வாய்ப்பு சந்திக்குச் சந்தி வேறுபட்டது. வெங்கடேஷ் மூர்த்தி சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். நம்ம ஜாதி, எஞ்சினியர்!

இந்தக் கணக்கு நம்ம மலைக்கு எதற்கு? சுரந்த அசிட்டைல்கோலினை உடனே சிதைக்க ஒரு நொதி உண்டு. ஏலத்துக்கு அடித்து வந்த குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. ஒவ்வொரு பொட்டலமும் தேங்கி நிற்கும். வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். லோவியின் தவளை இதயம் போல நாடியும் தளரலாம்.

போடிமெட்டு ஏறி வேலைக்குப் போகிறவர்கள் நம்ம ஜனங்கள். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களே! மருந்து அடிக்கிறவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள். மயங்கினால், டப்பாவின் லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு; ஆனால் அது நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.