நெஞ்சொலிக்கு வந்த பெயர்கள்



மழைக்குப் பெயர்போன தைப்பிங்கில் சளியும் இருமலும் நமக்குப் புதியவை அல்ல. பால்மரம் வெட்டிய நம் முன்னோர், நெஞ்சு அடைத்தால் தோட்டத்து டிரெசரிடம் போய் நிற்பார்கள். அவர் குழாயைக் காதில் மாட்டி மார்பில் வைத்துக் கேட்பார். சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதுவார். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை இன்று பார்ப்போம்.

1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் என்னும் மருத்துவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தால் குழல் செய்தார். அதுவே முதல் ஸ்டெதஸ்கோப். தாம் கேட்ட ஒலிகளை 1819இல் நூலாக வெளியிட்டார். நுரையீரலில் கேட்கும் ஓர் ஒலியை, சூடான சட்டியில் உப்பு பொரிவதற்கு ஒப்பிட்டார். அடுப்படி அறிந்த எவருக்கும் விளங்கும் உவமை அது.

இத்தகைய ஒலிகளுக்கு அவர் வைத்த பெயர் 'ரால்'. ஆனால் சாகும் தறுவாயில் தொண்டையில் எழும் இரைப்பையும் பிரெஞ்சு மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். படுக்கையில் கிடப்பவர் அதைக் கேட்டால் தம் முடிவு வந்துவிட்டதென்று அஞ்சுவார் அல்லவா? ஆகவே நோயாளியின் முன்னிலையில் 'ராங்கஸ்' என்னும் லத்தீன் சொல்லைச் சொன்னார். அவருக்கு இரண்டும் ஒரே பொருள்தான்.

1821இல் ஜான் ஃபோர்ப்ஸ் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாளடைவில் ஆங்கில மருத்துவர்கள் அவ்விரு சொற்களையும் வெவ்வேறு ஒலிகளுக்குச் சூட்டினர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறாகப் புரிந்துகொள்ளும் நிலை வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான், பொரிவதைக் குறிக்கும் 'கிராக்கிள்', இழுப்பைக் குறிக்கும் 'வீஸ்' ஆகிய எளிய ஆங்கிலச் சொற்கள் பரவலாயின.

தமிழிலும் இப்பணி நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். நோயும் மருந்தும் நம் மொழியில் அடங்கும் என்பதற்கு அதுவே சான்று.

நேயர்களே, லென்னெக் நோயாளியின் அச்சத்தை எண்ணிச் சொல்லை மாற்றினார். ஆனால் நோயாளி அஞ்சாதிருந்தால் மட்டும் போதாது. அவருக்கு விளங்கவும் வேண்டும். மருத்துவர் சொல்வது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டாம். விளங்கும்படி சொல்லக் கேட்போம். நம் நோவையும் இழுப்பு, இரைப்பு, கறகறப்பு என்று நம் சொல்லாலேயே கூச்சமின்றிச் சொல்வோம்.